பதினாறு பாகமும் ஒரு முழமும்

கடிதத்தை ஏவெர்ட் இரண்டு முறை வாசித்தான். முதல் முறை எங்களுக்காக, இரண்டாம் முறை தனக்கே நம்பிக்கை வராமல். கிரிம்மன் ஏரி மீனவர் சங்கத்தின் பதினேழு உறுப்பினர்களும் சங்கக் குடிசையில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தோம். 1991 பிப்ரவரி, வெளியே மைனஸ் பதினான்கு.

மாவட்ட அலுவலகம் எழுதியிருந்தது இதுதான்: கிரிம்மன் ஏரியின் அடிச்சேற்றை ஆராய்ந்ததில், இதன் நீர் குறைந்தது நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரே மாதிரி அமிலத்தன்மையோடுதான் இருந்திருக்கிறது. இது மழையால் கெட்ட ஏரி அல்ல, இயல்பிலேயே புளித்த ஏரி. ஆகவே புளிப்பை முறிக்க ஆண்டுதோறும் சுண்ணாம்புத் தூள் போடுவது இனி நிறுத்தப்படும். மறுப்பு இருந்தால் மே முதல் தேதிக்குள் ஆதாரத்தோடு அனுப்பலாம்.

ஒன்பது வருடமாக அந்தத் தூளை எங்கள் படகுகளில் ஏற்றி, கொட்டி, மூக்கும் புருவமும் வெளுத்துப்போய் வீடு திரும்பினவர்கள் நாங்கள். இயல்பிலேயே புளித்த ஏரியாம். எனக்குத் தெரிந்த கிரிம்மன் ஏரியில் ஆகஸ்ட் மாதம் வாளி வாளியாக இறால் அள்ளினோம். ஐம்பதுகளில்தான் அது நின்றது. தெற்கே எங்கெங்கோ புகைபோக்கிகள் கக்கின கந்தகமெல்லாம் எங்கள் தலையில் மழையாக இறங்கியது. முதலில் இறால் போனது, பிறகு சின்ன மீன்கள் போயின. கடைசியில் ரோடிங் மட்டும் மிஞ்சியது. சிவந்த வயிறும், குளிர்ந்த ஆழத்தைத் தவிர வேறெங்கும் வாழ மாட்டேன் என்கிற பிடிவாதமும் கொண்ட மீன் அது. அதற்கும் முட்டை பொரிக்கவில்லை. எண்பத்தொன்றில் பிடித்ததெல்லாம் கிழட்டு மீன். சுண்ணாம்பு போட ஆரம்பித்த நான்காம் வருடம் விரல் நீளத்தில் ஒரு ரோடிங் குஞ்சு தூண்டிலில் வந்தது. என் அண்ணன் ஹில்டிங் அன்றைக்கு அழுதார். கேட்டால் கண்ணில் பனி விழுந்தது என்பார்.

சுண்ணாம்பை நிறுத்தினால் மூன்றே வருடத்தில் ஏரி பழையபடி புளிக்கும். ரோடிங்குக்கு அத்தோடு முடிந்தது. இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் இறால் கதை பேச ஆரம்பித்தார்கள்.

"நம்ம ஞாபகத்தையெல்லாம் அவங்க எடுத்துக்க மாட்டாங்க," என்றான் ஏவெர்ட். அவன்தான் சங்கத் தலைவன். என்னோடு ஒரே வகுப்பில் படித்து, என் ஸ்லேட்டைப் பார்த்தே பாஸ் ஆனவன். "நாம ஒண்ணு சொல்றோம், சேறு வேற சொல்லுதாம். சேத்துக்குப் பொய் சொல்லத் தெரியாதாமே."

நான் வாயே திறக்கவில்லை. முப்பது வருடம் ஊர்ப் பேருந்து ஓட்டி, பின் இருக்கை வரை கேட்கும்படி திட்டிப் பழகினவள் நான். நான் அமைதியாக இருந்தால் ஏதோ கோளாறு என்று யாராவது கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை, தப்பித்தேன்.

கோளாறு என்னவென்றால், அந்தச் சேற்றை எடுத்த இடத்தைக் காட்டியது நான்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் புரூடீன் என்று ஒரு நிபுணர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் நகரத்துச் சப்பாத்து போட்டுக்கொண்டு உறைந்த ஏரி மேல் நடக்க வந்தவர். ஏரியின் மிக ஆழமான இடத்தில்தான் சேறு அடுக்கு கலையாமல் படியும், அந்த இடம் எனக்கு வேண்டும் என்றார். ஏவெர்ட்டுக்கு அன்றைக்கு இடுப்பு வலி, என்னை அனுப்பினான்.

எங்கள் ஏரிக்கு ஆழ வரைபடம் கிடையாது. இருந்தாலும் அது தப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் அளக்க வருகிறவனைக் கூட்டிக்கொண்டு போவது எங்களில் ஒருவராகத்தான் இருக்கும். ரோடிங் கிடைக்கும் பள்ளத்தை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. மீனைக் கொடுப்போம், புகையில் வாட்டிக்கூடக் கொடுப்போம். எங்கே பிடித்தது என்று கேட்பது மட்டும் ஒருத்தியிடம் அவள் வயதைக் கேட்பதை விட மோசம். குளிர்காலத்தில் பள்ளத்துக்குப் போகிறவர் நேராகப் போக மாட்டார். முதலில் எதிர்ப்பக்கம் நடந்து, அங்கே தூண்டில் இறக்குகிற மாதிரி ஏரிப் பனியில் சும்மா இரண்டு துளை போட்டு, மூக்கைச் சிந்தி, சுற்றிக்கொண்டு போவார். திரும்பும்போது துளையைப் பனியால் மூடிவிட்டு வருவார். அப்பா எனக்கும் அண்ணனுக்கும் காட்டிக் கொடுத்த பள்ளம் தெற்கே கல்தீவின் பின்புறம், பாறைப் பிளவுக்குள் இருக்கிறது. அந்த ரகசியத்தை என் புருஷனுக்கே நான் சொன்னதில்லை. அவன் போய்ச் சேர்ந்த நாள்வரை மீனைத் தின்றானே தவிர இடத்தைக் கேட்கவில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளை.

அப்படியிருக்க, சப்பாத்துக்காரருக்கா காட்டுவேன்? பழைய மர அறுப்பு மில்லுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனேன். பாதைக்குப் பக்கம், காற்றும் அடிக்காது. ஈயக் குண்டு பதினோரு மீட்டர் காட்டியது.

"இதுதான் ஏரியிலேயே ஆழமான இடமா?" என்று கேட்டார், குளிரில் பல் தந்தியடிக்க.

"ஆமா," என்றேன்.

அந்த ஒரு சொல்தான், வேறு எதுவும் சொல்லவில்லை. சேறுதானே, எங்கே எடுத்தால் என்ன என்று நினைத்தேன். என் புத்தியை எதால் அடிக்க.

மறுப்பு எழுத ஏவெர்ட் வடக்கே பல்கலைக்கழகத்தில் ஒரு பெண்மணியைத் தேடிப் பிடித்தான். பெயர் சிர்க்கா. பின்லாந்துக்காரி, ஐம்பது வயதிருக்கும். ஒரு சொல்லில் முடிகிற இடத்தில் இரண்டாவது சொல்லைச் செலவழிக்க மாட்டாள். புரூடீன் எடுத்த சேற்றின் மிச்சத் துண்டுகள் குளிர்பெட்டியில் பத்திரமாக இருந்தன. அவற்றை வாங்கி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, மார்ச் முதல் வாரத்தில் எங்கள் குடிசைக்கே வந்துவிட்டாள்.

கோட்டைக் கழற்றிவிட்டுக் காபியை வாங்கிக்கொண்டாள். பிறகு, ஏரிநீரில் கண்ணாடி ஓடு போட்ட பாசி வகைகள் வாழ்கின்றன, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை என்று தொடங்கினாள். ஒரு வகைக்குப் புளித்த நீர்தான் ஒத்துக்கொள்ளும், இன்னொரு வகைக்கு நல்ல நீர்தான் வேண்டும். செத்தால் ஓடு அடியில் விழும், கரையாது. அடுத்த வருடத்து ஓடு அதன் மேல் விழும். அடுக்கு அடுக்காக எண்ணிக்கொண்டு போனால், எந்த வருடம் நீர் எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். இந்தத் துண்டுகளில் மேலிருந்து கீழ்வரை எல்லா வகையும் ஒரே விகிதத்தில் கலந்து கிடக்கின்றன. அதனால்தான் புரூடீன் மாற்றமே இல்லை என்று எழுதிவிட்டார்.

"ஆனா எல்லாத் துண்டுலயும் கரி இருக்கு," என்றாள். "இங்க பெரிய தீ ஏதாவது பிடிச்சுதா?"

மில் எரிந்ததைச் சொன்னோம். 1917, ஒரே ராத்திரியில் சாம்பல். எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையும் பெருக்கல் வாய்பாட்டுக்கு முன்னால் கற்றுக்கொள்ளும் ஆண்டு அதுதான்.

"ஒரு ராத்திரி தீன்னா ஒரு கோடாத்தான் விழணும். நூத்தம்பது வருஷமும் எரியற தீ எங்கயும் கிடையாது. மரப்பட்டையும் கிடக்கு, இரும்புத் துரு கூட இருக்கு. இந்தச் சேத்தை யாரோ கிண்டியிருக்காங்க. இது ஆழமான இடமே இல்லை." கோப்பையைக் கீழே வைத்தாள். "அவருக்கு இடம் காட்டினது யாரு?"

எனக்கு உடனே புரிந்தது. அறுபத்தொன்பதில் பெரும்புயல் காட்டையே சாய்த்தபோது விழுந்த மரங்களையெல்லாம் மில்லுக்கு முன்னால்தான் தண்ணீரில் போட்டு வைத்தார்கள். பாதி அடியில் முழுகியது. பிறகு எழுபதுகளில் இரும்புக் கொக்கி போட்டு, வருடக்கணக்காக இழுத்து இழுத்து எடுத்தார்கள். அடிச்சேறு கஞ்சி மாதிரி கலங்கிப் போயிருக்கும். அந்தக் கஞ்சியைத்தான் நான் புரூடீனுக்குக் காட்டினேன்.

மற்ற பதினைந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஏவெர்ட் மட்டும் என்னைப் பார்த்தான். அவனுக்கு அன்றைய இடுப்பு வலி ஞாபகம் வந்துவிட்டது.

"நான்தான்," என்றேன். "மில்லு முன்னால கூட்டிட்டுப் போனேன். அதுதான் ஆழம்னு சொன்னேன். பொய்தான் சொன்னேன்."

யாராவது கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். யாரும் கத்தவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"சரி," என்றான் ஏவெர்ட் கடைசியில். "உண்மையான பள்ளம் எங்க இருக்கு டாக்னி?"

எங்கள் ஊரில் கேட்கக் கூடாத கேள்வியை, ஐம்பத்தெட்டு வயதில், பதினைந்து பேர் முன்னால் கேட்டுவிட்டான். கேட்டதும் அவனுக்கே காது சிவந்தது. சிர்க்காவுக்கு இந்த வெட்கமெல்லாம் தெரியவில்லை. ஏரி மேல் பனி இன்னும் இரண்டு வாரம்தான் ஆளைத் தாங்கும், சங்கத்திலிருந்து இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், இடம் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். வரைபடமாம். அறிக்கையில் அச்சாகிப் பல்கலைக்கழக நூலகத்தில் உட்காருமாம்.

அண்ணனைப் பார்த்தேன். ஹில்டிங் அண்ணன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருடைய பள்ளமும் அதுதானே. அவரைக் கேட்காமல் கொடுக்க எனக்கு என்ன உரிமை. ஆனால் கொடுக்காமல் இருந்தால் இரண்டு பேரும் மீனில்லாத பள்ளத்தின் காவல்காரர்களாக உட்கார்ந்திருப்போம்.

"கல்தீவுக்குப் பின்னாடி," என்றேன். "பாறை பிளந்து நிக்குதில்ல, அதுல இருந்து நாப்பது அடி. பதினாறு பாகமும் ஒரு முழமும் ஆழம்."

"மீட்டர்ல?" என்று கேட்டாள் சிர்க்கா.

"தெரியாது. என் கை ரெண்டையும் விரிச்சு அளந்தா ஒரு பாகம்."

சிர்க்கா என்னை எழுந்து நிற்கச் சொல்லி, கையை விரிக்கச் சொல்லி, நாடாவால் அளந்து எழுதிக்கொண்டாள். முகத்தில் சிரிப்பே இல்லை. அந்தப் பெண்மணியை எனக்கு அந்த நிமிடம் பிடித்துப் போனது.

மார்ச் பதினாறாம் தேதி வெயில் அடித்தது. சாட்சிக்கு இரண்டு பேர் போதும் என்றிருந்தாலும் சங்கமே வந்திருந்தது. கல்தீவைச் சுற்றிப் போனபோது அங்கே ஏற்கனவே ஒருவர் துளை போட்டுக்கொண்டிருந்தார். ஹில்டிங் அண்ணன். நான்கு துளைகளைச் சேர்த்து ஒரு சதுர வாயாக அறுத்து, விளிம்பைக்கூடச் செதுக்கி வைத்திருந்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்தப் பிளவின் நடுவில், அப்பா உட்கார்ந்த அதே இடத்தில், ஓரடி பிசகாமல் அறுத்திருந்தார்.

சிர்க்காவின் கருவி ஒரு நீளமான அலுமினியப் பெட்டி. கீழே ஆப்பு மாதிரி கூராக இருக்கும். உள்ளே டிரை ஐஸ் என்கிற உலர்பனிக் கட்டியைப் போட்டுச் சாராயம் ஊற்றினால் மைனஸ் எழுபதுக்குப் போய்விடும். கயிற்றில் இறக்கிச் சேற்றில் செருகினால் சுற்றியுள்ள சேறு அப்படியே அதன் மேல் உறைந்து ஒட்டிக்கொள்ளும். கால் மணி நேரம் கழித்து இழுத்தால், அடுக்கு கலையாமல் மேலே வரும். சாராயத்தை ஊற்றும்போது சங்கத்தில் பலர் தொப்பியைக் கழற்றி மரியாதை செலுத்தினார்கள். ஏவெர்ட், இவ்வளவு நல்ல சரக்கைச் சேத்துக்கு ஊத்துறதுக்குப் படிச்சவங்களாலதான் முடியும் என்று முணுமுணுத்தான்.

உலர்பனி இரண்டு தடவைக்குத்தான் இருந்தது. சிர்க்கா விளக்கமாகச் சொன்னாள், அவளுக்கு அது பெரிய பிரசங்கம். தண்ணீரில் இறங்கும்போது வேகமாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி மேல் வெறும் பனி கட்டிவிடும். ஆனால் சேற்றுக்குள் மெதுவாகப் போக வேண்டும். மேல்பரப்புச் சேறு பால் ஆடையை விட லேசானது, வேகமாக விழுந்தால் பறந்துவிடும். பெட்டியின் தலை சேற்றுக்கு மேலே நிற்க வேண்டும். முழுதும் உள்ளே போய்விட்டால் மேல் அடுக்கு கிடைக்காது.

"மேல் அடுக்கு எதுக்கு? பழசுதானே வேணும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"மேல இருக்கறதுதான் நீங்க போட்ட சுண்ணாம்பு," என்றாள்.

கேட்டவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு துளைக்குப் பக்கத்தில் நெருங்கி வந்தார்.

முதல் தடவை கயிற்றை ஏவெர்ட் பிடித்தான், தலைவன் அல்லவா. இருபது மீட்டர் வரை சரியாகத்தான் விட்டான். பிறகு ஈரக் கயிறு கையுறையில் வழுக்கியது. பெட்டி குபீரென்று போய்ச் சேற்றில் தலைமூழ்கியது. கால் மணி நேரம் கழித்து இழுத்தபோது அழகான கறுப்புக் கட்டியாக வந்தது. சிர்க்கா ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேல் பகுதி இல்லை என்றாள். ஏவெர்ட் கயிற்றைக் கீழே போட்டான். அவனைத் திட்ட எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் அவன் முகம் அப்படிச் செத்துப் போயிருந்தது, விட்டுவிட்டேன்.

மிச்ச உலர்பனியைப் பெட்டிக்குள் போட்டார்கள். கடைசி.

ஹில்டிங் அண்ணன் கயிற்றை எடுத்தார். தானே விடப்போகிறார் என்று நினைத்தேன். என் கையில் கொடுத்தார்.

"எனக்கு விரல் மரத்துப் போச்சு," என்றார். "அடி தட்டறது உனக்குத்தான் தெரியும்."

பதினைந்து நாளில் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. நான் கையுறையைக் கழற்றினேன்.

ஒரு பாகம், இரண்டு பாகம் என்று வேகமாக விட்டேன். ரோடிங்குக்குத் தூண்டில் இறக்குகிறவளுக்குக் கண் தேவையில்லை. நாற்பத்தைந்து வருடமாக இந்தப் பள்ளத்தின் அடியை நான் பார்த்ததில்லை, ஆனால் என் வீட்டுத் தரையைப் போல் தெரியும். பன்னிரண்டு. பதிமூன்று. கயிறு விரலை அறுத்தது. பதினான்கு என்றபோது மூச்சைப் பிடித்து நிறுத்தினேன். பெட்டி ஊசலாடுவது அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு முழம் முழமாக, பிறகு விரல் விரலாக விட்டேன். பெட்டியின் நீளம் போக, பதினைந்தைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் கயிற்றில் அது வந்தது. தட்டு இல்லை, மோதல் இல்லை. எடை ஒரு துளி குறைந்தது, அவ்வளவுதான். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இறக்கும்போது முதுகு துணியில் படுமே, அந்த அளவு.

"தொட்டுடுச்சு," என்றேன்.

இனி ஒரு மீட்டர் உள்ளே போக வேண்டும். என் கைக்கு அது அரைப் பாகத்துக்குக் கொஞ்சம் அதிகம். எவ்வளவு நேரம் எடுத்தேன் தெரியாது. விரல்கள் என்னுடையவையாகவே இல்லை. அளவு முடிந்ததும் கயிற்றை இரண்டு சுற்று மணிக்கட்டில் சுற்றி, முழங்காலில் உட்கார்ந்து, கால் மணி நேரம் அசையாமல் இருந்தேன். பதினேழு பேர் என்னைச் சுற்றி நின்றார்கள்.

இழுத்தது ஆறு பேர். துளையின் வாயில் முதலில் பெட்டியின் வெறும் தலை வந்தது, பிறகு வெள்ளைப் பனி ஒட்டிய பகுதி. அதன் கீழே சேறு.

சிர்க்கா கத்தியால் மேல் பனியைச் சுரண்டினாள். வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. அடுக்குகள். பழுப்பு, கறுப்பு, பழுப்பு, கறுப்பு என்று நூல் மாதிரி கோடுகள், ஒன்றின் மேல் ஒன்று, எண்ணி மாளாது. தலைமாட்டில் மெத்தென்று வெளிர்நிறத்தில் ஒரு படிவு, ஒன்றரை விரற்கடை, கொஞ்சம்கூடக் கலையாமல் இருந்தது. மேலிருந்து ஒரு சாண் கீழே, மையால் போட்டது போல ஒரே ஒரு கருங்கோடு.

ஏவெர்ட் குனிந்து அதன் பக்கத்தில் விரலை வைத்தான், தொடாமல். "மில்லு," என்றான்.

மில்தான். ஒரு ராத்திரித் தீ, ஒரு கோடு. எங்கள் தாத்தாமார்கள் வாளியோடு ஓடின அந்த ராத்திரி எங்கள் காலடியில் எழுபத்துநான்கு வருடம் பத்திரமாகக் கிடந்திருக்கிறது. சிர்க்கா கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு என் விரல்கள் நீலமாக இருப்பதைக் கவனித்து அவற்றைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். நல்ல கை என்று மட்டும் சொன்னாள். நான் நாற்பது வருடமாக வாங்கிய பாராட்டுகளையெல்லாம் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது.

ஏப்ரல் கடைசியில் அவளே வந்து முடிவைச் சொன்னாள். சங்கக் குடிசையில் ஒரு நீளத் தாளை மேசை மேல் விரித்தாள். கருங்கோட்டுக்குக் கீழே எவ்வளவு போனாலும் நல்ல நீரில் வாழும் பாசிதான். கோட்டுக்கு மேலேயும் அதேதான், ஐம்பதுகள் வரை. அங்கே திடீரென்று அவை குறைந்து, புளிப்பில் வாழ்கிறவை பெருகுகின்றன. அதே இடத்தில்தான் எண்ணெயும் நிலக்கரியும் எரிக்கிற உலைகளின் புகைத்துகள், நுண்ணோக்கியில் பார்த்தால் கரிய உருண்டைகள், கூட்டம் கூட்டமாகத் தொடங்குகின்றன. நான்கு விரற்கடை தடிப்புக்கு அந்தப் புளித்த காலம். ஏரி பிறவியிலேயே புளிப்பு இல்லை. எங்கள் ஞாபகம் பொய் இல்லை. இறால் பொய் இல்லை.

"இதோ, இந்த மேல் ஒண்ணரை விரற்கடை," என்று தாளின் உச்சியைத் தொட்டாள். "நல்ல நீர்ப் பாசி திரும்பி வந்திருக்கு. எண்பத்திரண்டுல ஆரம்பிக்குது. வருஷா வருஷம் கூடிட்டே வருது."

ஒன்பது வருடத்து வெள்ளைப் புருவங்கள், முதுகு வலி, படகில் கிழிந்த மூட்டைகள், எல்லாம் அந்த ஒன்றரை விரற்கடையில் இருந்தன. ஹில்டிங் அண்ணன் எழுந்து சன்னல் பக்கம் போனார். ஏப்ரல் மாதம், பனி விழ வாய்ப்பே இல்லை. ஏவெர்ட் மேசையை ஒரு குத்து குத்தினான், கோப்பைகள் குதித்தன. நான் வாய்விட்டு அழுதேன், சிரித்தேன், இரண்டையும் சேர்த்துச் செய்தேன். எனக்கென்ன வெட்கம்.

மறுப்பு மூன்றாவது நாள், கெடுவுக்குள்ளேயே போனது. ஜூனில் பதில் வந்தது. கிரிம்மன் ஏரி மழையால் கெட்ட ஏரிதான், சுண்ணாம்பு தொடரும். முந்தின ஆய்வின் மாதிரி எடுத்த இடம் பொருத்தமற்றது என்று ஒரு வரி இருந்தது. என் பெயர் இல்லை. புரூடீனுக்கு நானே கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு அஞ்சலட்டை அனுப்பினார், அடுத்த முறை நல்ல சப்பாத்து போட்டுக்கொண்டு வருவாராம்.

ஆனால் அறிக்கையில் வரைபடம் அச்சாகிவிட்டது. கல்தீவு, பிளவு, பள்ளம், எல்லாம் புள்ளி வைத்துக் குறித்திருந்தது. சங்கக் குடிசையிலேயே ஒரு பிரதி தொங்கியது. இந்தக் குளிர்காலம் பனி கட்டியதும் பள்ளத்தைச் சுற்றிச் சந்தை மாதிரி கூட்டம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏரி பிழைத்ததற்கு அது சின்ன விலைதான் என்று தினமும் எனக்கே சொல்லிக்கொண்டேன். தினமும் வயிறு எரிந்தது.

ஜனவரியில் பனி தாங்கும் என்று தெரிந்த முதல் ஞாயிறு, பனியில் காலால் உந்திப் போகிற உதைவண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். சுற்றிப் போகவில்லை, இனி என்ன மறைப்பு. பழைய மில்லைத் தாண்டும்போது நின்றுவிட்டேன்.

சங்கம் முழுவதும் அங்கே இருந்தது. மில்லுக்கு முன்னால், பதினோரு மீட்டர் கஞ்சிச் சேற்றுக்கு மேலே, ஆளுக்கொரு துளை போட்டு, ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்து தூண்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மீன் எதுவும் வாழாத இடம் அது. எல்லோரும் கல்தீவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஹில்டிங் அண்ணனும் அவர்களோடு இருந்தார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

"யோவ் ஏவெர்ட், இங்க என்னய்யா பண்றீங்க?" என்றேன்.

ஏவெர்ட் தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதுதான் ஏரியிலேயே ஆழமான இடமாம்," என்றான். "விஷயம் தெரிஞ்சவங்க ஒருத்தங்க சொன்னாங்க."

பதினைந்து முதுகுகளும் குலுங்கின. தலையை ஆட்டிவிட்டு உதைவண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். கல்தீவைச் சுற்றினேன். பள்ளத்தின் மேல் பனி யார் காலும் படாமல் கிடந்தது.

மதியத்துக்குள் ஐந்து ரோடிங் கிடைத்தது. இரண்டு இளசு, போன வருடத்துக் குஞ்சுகள், அவற்றைத் திருப்பி விட்டேன். துளையைப் பனியால் மூடினேன். திரும்பும்போது மில் பக்கம் நின்று, சிவந்த வயிறோடு இருந்ததிலேயே பெரிய மீனை ஏவெர்ட்டின் சறுக்குவண்டியில் வைத்தேன். அவன் அதைத் தூக்கி எடை பார்த்தான், செவுளைத் திறந்து பார்த்தான், நல்ல மீன் என்றான். எங்கே பிடித்தது என்று கேட்கவில்லை.